என் ஜெனரேட்டர் வினாடிக்கு 12 தடவை எரிக்கிறது, லேசர் இணைவுக்கு 10 தடவை ஏன் இவ்வளவு கஷ்டம்?

டீசல்_கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 22 வருடமாக டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிறேன். படித்தது ஐ.டி.ஐ. அணுக்கரு இணைவு பற்றி வருகிற செய்திகளை விடாமல் படிப்பேன், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.

கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கற்றைகளை ஒரு சின்ன எரிபொருள் உருண்டையை நசுக்கப் பாய்ச்சினார்கள். 2.05 மெகாஜூல் ஒளி போட்டு 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் அது 8.6 மெகாஜூல் வரை போய்விட்டது. சரி, சந்தோஷம். ஆனால் அங்கே ஒரு ஷாட் முடிந்தால் அடுத்ததுக்குப் பல மணி நேரம் காத்திருக்கிறார்கள். மின்சாரம் எடுக்க வேண்டும் என்றால் வினாடிக்குப் பத்து ஷாட் அளவில் வேண்டுமாம்.

எனக்குப் பிடிபடாதது இதுதான். 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும் என் ஜெனரேட்டரில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 750 தடவை டீசலைப் பீய்ச்சி எரிக்கிறது. வினாடிக்குக் கணக்குப் போட்டால் 12.5. கல்யாண மண்டபத்தில் ராத்திரி முழுக்க இப்படியே ஓடும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பத்து என்பது எங்கள் தொழிலில் மெதுவான வேகம். லேசரைப் பெரிய கூலிங் டவர் போட்டுக் குளிர்வித்தால் ஆகாதா? எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கவர்கிளாஸ் எழுதியது:

தம்பி, உங்கள் ஒப்பீடு நல்ல ஒப்பீடு. அதையே பிடித்துக்கொண்டு பேசலாம். நான் 29 வருடம் லேசர் வெல்டிங் மெஷின் சர்வீஸில் இருந்தேன். பெரிய லேசரைப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஆனால் லேசர் ஏன் நிற்கிறது என்பது மட்டும் விரல் நுனியில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. லிவர்மோர் லேசர் ஒரு நாளைக்கு ஒரு ஷாட், 2 மெகாஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 86,400 வினாடிக்குப் பங்கு போட்டால் வருவது சுமார் 23 வாட். மூன்று கால்பந்து மைதானம் அளவுக் கட்டடத்தில் இருக்கும் லேசரின் சராசரித் திறன் ஒரு சின்ன பல்பு அளவு! நான் பார்த்துக்கொண்ட பழைய யாக் (ஒரு வகைப் படிகம்) லேசர் மெஷின் ஒன்று 400 வாட்டுக்கு ஓடும். இதைச் சொல்வது அவர்களைக் குறைக்க அல்ல. ஒரு ஷாட்டில் எவ்வளவு என்பதும், தொடர்ந்து எவ்வளவு என்பதும் வேறு வேறு வித்தைகள் என்று காட்டத்தான். மின் நிலையத்துக்கு அதே 2 மெகாஜூலை வினாடிக்குப் பத்து தடவை தர வேண்டும். 23 வாட் எங்கே, 20 மெகாவாட் எங்கே.

அடுத்து கூலிங் டவர். சூட்டை வெளியே கொண்டுபோகத் தண்ணீர் இருந்தால் போதாது. சூடு முதலில் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து மேற்பரப்புக்கு வர வேண்டும். லிவர்மோரில் ஒளியைப் பெருக்குவது நியோடிமியம் கலந்த பாஸ்பேட் கண்ணாடிப் பலகைகள். மொத்தம் 3,072 பலகைகள், ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல், 3 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். கண்ணாடி சூட்டை எவ்வளவு சோம்பலாகக் கடத்தும் என்று டீ கிளாஸ் பிடித்தவர்களுக்குத் தெரியும். நடுவில் சூடு, ஓரத்தில் குளிர் என்று ஆனால் பலகையே ஒரு கோணல் லென்ஸ் ஆகிவிடும். கற்றை நெளிந்து போகும். இன்னும் அழுத்தினால் விரிசல். அதனால்தான் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது? அந்தப் பலகைகளுக்கு ஆற்றல் ஊட்டுவது 7,000-க்கும் மேற்பட்ட செனான் ஃபிளாஷ் லாம்ப்கள். லாம்ப் வெள்ளையாக எல்லா நிறத்திலும் வெளிச்சம் கொட்டும். நியோடிமியம் அதில் சில நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும், மிச்சம் பெரும்பாலும் சூடுதான். 2022 ஷாட்டுக்கு 2.05 மெகாஜூல் லேசர் ஒளி தர மின் இணைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். நூற்றில் ஒன்றுகூட ஒளியாக வரவில்லை.

லாம்ப் மாற்றியே என் இளமை போயிற்று, அதனால் இதையும் சொல்கிறேன். எங்கள் மெஷினில் ஒரு நல்ல லாம்ப் ஒரு கோடி ஃபிளாஷ் தாங்கினால் கொண்டாட்டம். வினாடிக்குப் பத்து என்றால் ஒரு கோடி ஃபிளாஷ் தீர எத்தனை நாள்? பதினொன்றரை நாள். ஏழாயிரம் லாம்ப் உள்ள மின் நிலையத்தில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதை யோசித்துப் பாருங்கள்.

அப்போ வழி என்ன? லாம்ப்பை விட்டுவிட்டு டயோடு. டயோடு ஒரே நிறத்தில் ஒளி தரும். கண்ணாடிக்கோ படிகத்துக்கோ பிடித்த நிறத்தையே தரும்படி செய்யலாம், வீண் சூடு குறைந்துவிடும். இரண்டாவது, தடிமனான ஒரு பலகைக்குப் பதில் மெல்லிய பலகைகளாகச் சீவி, நடுவில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் ஹீலியம் வாயுவை வேகமாக ஊத வேண்டும். ஏன் ஹீலியம் என்றால், அது சூட்டை நன்றாக எடுக்கும், ஒளியையும் ஏறக்குறைய வளைக்காது. வெயிலில் தார் ரோட்டுக்கு மேல் காற்று நெளிகிற மாதிரி லேசர் பாதையில் நெளிந்தால் வேலை கெட்டுவிடும், இல்லையா? ஹீலியத்தில் அந்த நெளிவு மிகக் குறைவு.

இது காகிதத்தோடு நின்ற யோசனை இல்லை. இங்கிலாந்தில் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தில் டைபோல் என்ற லேசரைக் கட்டி, செக் நாட்டில் பிராகுக்குப் பக்கத்தில் டோல்னி பிரெஷானி என்ற ஊரில் இருக்கும் ஹைலேஸ் மையத்துக்குக் கொடுத்தார்கள். 2016 கடைசியில் அது ஒரு ஷாட்டுக்கு 100 ஜூல், வினாடிக்குப் பத்து ஷாட் என்று ஓடியது. இட்டர்பியம் கலந்த யாக் பலகைகள், மைனஸ் 120 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் குளிர்ந்த ஹீலியம். அந்தக் குளிரில் யாக் சூட்டை இன்னும் நன்றாகக் கடத்தும், இட்டர்பியமும் ஒளியைத் தானே விழுங்காமல் ஒழுங்காகப் பெருக்கும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் 400 வாட் மெஷினை ஓட்ட நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் கணக்கை மறக்கக் கூடாது. லிவர்மோரின் 192 கற்றைகளில் ஒன்றே ஒன்று சுமார் 10,000 ஜூல் தருகிறது. டைபோல் அதில் நூறில் ஒரு பங்கு.

லேசர் ஒரு பாதிதான். உங்கள் இன்ஜெக்டர் பீய்ச்சுகிற டீசல் இருக்கிறதே, அதற்கு இங்கே என்ன என்று வேறு யாராவது எழுதினால் நல்லது. அது என் துறை இல்லை.


உறைபனி எழுதியது:

இரண்டு அண்ணன்களுக்கும் வணக்கம். நான் மிகக் குறைந்த வெப்பநிலையில் ஹைட்ரஜனைக் கையாளும் ஒரு ஆய்வுக் குழுவில் முனைவர் பட்டம் செய்கிறேன். டீசலுக்குப் பதில் என்ன என்பதை நான் எழுதுகிறேன்.

லிவர்மோரில் எரிபொருள் உருண்டை சுமார் 2 மில்லிமீட்டர் விட்டம், வைரத்தால் ஆன ஓடு. அதற்குள் ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும் பனியாக உறைந்து ஒரு படலமாக ஒட்டியிருக்கும். இந்த உருண்டை ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள உலோகக் கூட்டுக்குள் தொங்கும். லேசர் கூட்டின் உட்சுவரில் படும், அங்கே கிளம்பும் எக்ஸ் கதிர்தான் உருண்டையை நசுக்கும். பனிப் படலம் எல்லாப் பக்கமும் சம தடிமனாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் நசுங்கும்போது ஒரு பக்கம் பிதுங்கிக் கலந்துவிடும்.

இந்தச் சமநிலை எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம். டிரிட்டியம் கதிரியக்கம் உள்ளது, சிதையும்போது கொஞ்சம் சூடு தரும். பனி தடிமனாக இருக்கும் இடத்தில் சூடு சற்றுக் கூடும், அங்கிருந்து ஆவியாகி, மெல்லிய இடத்தில் போய் உறையும். தன்னைத் தானே இழைத்துக்கொள்ளும் பனி! சுமார் 19 கெல்வினில், அதாவது மைனஸ் 254 டிகிரியில் இது நடக்கிறது. ஆனால் பொறுமை வேண்டும். லிவர்மோரில் ஒரு நல்ல படலம் வளர நாட்கள் ஆகின்றன.

இப்போது டீசல் அண்ணனின் கேள்வி. வினாடிக்குப் பத்து என்றால் நாளைக்கு 8,64,000 உருண்டைகள். படலம் வளர 12 மணி நேரம் போதும் என்று தாராளமாக வைத்தாலும், எந்த நேரத்திலும் நாலு லட்சத்துக்கு மேல் உருண்டைகள் குளிர்ப் பெட்டிகளில் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லிகிராம் டிரிட்டியம் என்றால் வரிசையில் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல். டிரிட்டியம் கிராம் கணக்கில் பேசப்படும் பொருள். விலையும் பார்க்க வேண்டும். இன்றைய ஒரு உருண்டைக்குக் கூட்டோடு சேர்த்து ஆயிரக்கணக்கான டாலர் ஆகிறது. மின்சாரம் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாக அது ஒரு டாலருக்குக் கீழே வர வேண்டும்.

அப்புறம் சுடும் இடம். இப்போது உருண்டையை ஒரு நீண்ட கையில் பொருத்தி, அறையின் நடுவில் நிறுத்தி, மெதுவாகச் சரி பார்த்துச் சுடுகிறார்கள். பத்து ஷாட் வேகத்தில் கையெல்லாம் நீட்ட முடியாது. உருண்டையைத் துப்பாக்கி போல வீச வேண்டும், வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில். பறந்துகொண்டிருக்கும்போதே அதை அளந்து, எல்லாக் கற்றைகளையும் அதன்மேல் திருப்ப வேண்டும். உருண்டையை நேரடியாக லேசர் அடிக்கும் முறையில் தவறலாம் என்று விட்ட அளவு சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை.

ஜப்பானில் ஹமமட்சு ஃபோட்டோனிக்ஸ் ஆட்கள் வேறு குழுக்களோடு சேர்ந்து 2013-இல் ஒன்று செய்து காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணிகள், டியூட்டிரியம் ஏற்றியவை. வினாடிக்கு ஒன்றாக விழவிட்டு, விழும்போதே இரண்டு பக்கமும் லேசரால் அடித்து, இணைவு நடந்ததற்கு அடையாளமான நியூட்ரான் துகள்கள் வருவதைப் பார்த்தார்கள். பனி இல்லை, நசுக்கல் பெரிதாக இல்லை, வேகம் பத்தில் ஒன்று. இருந்தாலும் ஓடுகிற மணியை அடித்தது அடித்ததுதான். அந்தக் கட்டுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன்.


டீசல்_கை எழுதியது:

இருவருக்கும் நன்றி. தங்கச்சி, பனி தன்னையே இழைத்துக்கொள்ளும் என்று எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

இப்போது என் மனதில் இருப்பது புகை. இன்ஜின் ஓடுவதில் பாதி ரகசியம் எரிவதில் இல்லை, எரிந்ததை வெளியே தள்ளுவதில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் அடைத்தால் எவ்வளவு நல்ல இன்ஜெக்டரும் வீண், கறுப்பாகக் கக்கி நின்றுவிடும். இங்கே எக்ஸாஸ்ட் எங்கே? இணைவில் புகை கிடையாது என்று எழுதுகிறார்களே, அப்படியானால் அறை சுத்தமாகவே இருக்குமா?


கவர்கிளாஸ் எழுதியது:

தம்பி, நீங்கள் கை வைத்தது சரியான இடம். என்னைக் கேட்டால் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. சுடுவது இல்லை கஷ்டம். சுட்டு முடித்த இடத்தை அடுத்த ஷாட்டுக்குள், அதாவது 100 மில்லிவினாடிக்குள், பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். கண்ணாடி ஆறுவதும் இதேதான், அறை ஆறுவதும் இதேதான்.

மின் நிலைய ஷாட் ஒன்று சுமார் 250 மெகாஜூல் என்று வைக்கலாம். வினாடிக்குப் பத்து என்றால் 2,500 மெகாவாட் வெப்பம், அதில் 1,000 மெகாவாட் அளவு மின்சாரம். அதிலிருந்து லேசருக்கே ஒரு பங்கு போய்விடும். 250 மெகாஜூல் என்பது 60 கிலோ டி.என்.டி. வெடிப்பதற்குச் சமம். சிலிண்டரில் எரிகிற ஒரு சொட்டு டீசலோடு இதை வைத்துப் பார்க்க முடியாது. ஆற்றலில் பெரும்பகுதி நியூட்ரானாகச் சுவருக்குள் ஊடுருவிப் போகும். மிச்சம் எக்ஸ் கதிராகவும் வேகமான அயனிகளாகவும் சுவரின் மேல்தோலில் அடிக்கும். டங்ஸ்டன் பூசிய சுவர் என்று ஒரு வழி உண்டு. ஆனால் இணைவில் பிறக்கும் ஹீலியம் அயனிகள் டங்ஸ்டனுக்குள் புதைந்து, கொப்புளம் போட்டு, தோலை உரித்துவிடும். லிவர்மோரில் 2013 வரை லைஃப் என்று ஒரு மின் நிலையத் திட்டம் போட்டார்கள். அதில் அறைக்குள் செனான் வாயுவைக் கொஞ்சம் நிரப்பி, அது அடியை வாங்கிக்கொண்டு சுவருக்கு மெதுவாகக் கொடுக்கட்டும் என்று வைத்தார்கள்.

அங்கேதான் உங்கள் எக்ஸாஸ்ட் வருகிறது. செனான் சில ஆயிரம் டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். உடைந்த உலோகக் கூட்டின் ஆவியும் துகளும் அதில் மிதக்கும். அதன் வழியாகத்தான் மைனஸ் 254 டிகிரியில் இருக்கும் அடுத்த உருண்டை பறந்து வர வேண்டும், உருகாமல், திசை மாறாமல். லேசரும் அதே வழியாகத்தான் வர வேண்டும். வால்வைத் திறந்து பிஸ்டனால் தள்ள முடியாது. பல மீட்டர் அகல அறையை 100 மில்லிவினாடியில் முழுக்கக் காலி செய்ய எந்தப் பம்பாலும் ஆகாது. ஆகையால் எவ்வளவு அழுக்கு இருந்தால் சமாளிக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

இன்னொரு யோசனை ஹைலைஃப்-2. உருகிய உப்பை, லித்தியம் ஃபுளோரைடும் பெரிலியம் ஃபுளோரைடும் கலந்ததை, ஆடும் தாரைகளாகப் பாய்ச்சி உருண்டையைச் சுற்றி ஒரு பை மாதிரிக் கட்டுவது. ஷாட் அந்தத் திரவத்தைச் சிதறடிக்கும், திடமான சுவர் பிழைக்கும். புதுத் தாரை வந்து பையை மறுபடி கட்டும். வினாடிக்கு 6 தடவை என்று கணக்கு. அதில் லேசருக்குப் பதில் கனமான அயனிக் கற்றைகள்தான், ஆனாலும் சிதறிய துளி ஒன்று கற்றையின் பாதையில் மிதந்தால் போயிற்று. எனக்கு இந்த யோசனை மிகப் பிடிக்கும். தண்ணீர் பழசாகாது, ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது என் சொந்த விஷயம். ஒரு பட்டறையில் இரவு ஷிஃப்டில் வெல்டிங் லேசர் நின்றது. புதிதாக வந்த பையன் லென்ஸுக்கு முன்னால் பாதுகாப்புக்கு இருக்கும் கவர் கிளாஸைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஓரத்தில் பிடிப்பதற்குப் பதில் நடுவில் விரல் வைத்துவிட்டான். கைரேகை எண்ணெய் எரிந்து புள்ளி ஆனது. புள்ளி சூட்டை வாங்கிப் பெரிதானது. நாங்கள் கவனிப்பதற்குள் கவர் கிளாஸ் வெடித்து, பின்னால் இருந்த விலையான லென்ஸிலும் கறை. அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளி என் மனதை விட்டுப் போகவில்லை.

லிவர்மோரிலும் இதே கதைதான். அகச்சிவப்புக் கற்றையைப் படிகங்களால் 351 நானோமீட்டர் புறஊதாவாக மாற்றுகிறார்கள். புறஊதாதான் கண்ணாடியை அதிகம் கடிக்கும். மைக்ரான் அளவுப் புள்ளி ஒன்று விழுந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் வளரும், வட்டிக்கு வட்டி மாதிரி. அங்கே ஷாட்டுக்கு இடையில் கேமராவால் கண்ணாடிகளைப் பார்க்கிறார்கள். புள்ளி பெரிதாகும் முன் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, கார்பன் டை ஆக்ஸைடு லேசரால் அந்த இடத்தைச் சுரண்டி உருக்கிச் சரிசெய்து மறுபடி மாட்டுகிறார்கள். சுட்டதும் சிதறும் துகளைத் தடுக்க மெல்லிய தற்காலிகக் கண்ணாடியும் முன்னால் உண்டு, நம் கவர் கிளாஸ்தான். இதெல்லாம் நேரம் இருப்பதால் நடக்கிறது. வினாடிக்குப் பத்து என்றால் ஆயிரம் ஷாட் நூறு வினாடியில் முடிந்துவிடும். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புள்ளி கண்ணாடியைத் தின்றிருக்கும். பார்ப்பதும் நிறுத்துவதும் மெஷினே செய்ய வேண்டும், அதற்கு மேல் புள்ளியே விழாத அளவுக்குக் கற்றையை அகலமாக்கி மென்மையாக ஓட்ட வேண்டும்.


உறைபனி எழுதியது:

அண்ணா, கடைசிக் கண்ணாடிகளை நியூட்ரானும் கெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சிலிக்கா கண்ணாடியில் நியூட்ரான் பட்டால் நிறம் ஏறி ஒளியை விழுங்கத் தொடங்கும். லைஃப் திட்டத்தில் அந்தக் கண்ணாடியை மெல்லியதாகச் செய்து, வேண்டுமென்றே சூடாக வைத்து, கெட்டது தானே ஆறும்படி யோசித்தார்கள்.


டீசல்_கை எழுதியது:

புரிந்தது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கண்ணாடிதான் சோம்பல் என்றால், லேசரையே வாயுவில் செய்யக் கூடாதா? வாயு என்றால் விரிசல் விடாது, சூடானதைத் தள்ளிவிட்டுப் புதுசு கொண்டுவரலாமே. எங்கள் இன்ஜினில் காற்று அப்படித்தானே.


கவர்கிளாஸ் எழுதியது:

செய்திருக்கிறார்கள் தம்பி, நீங்கள் சொன்ன அதே காரணத்துக்காக. வாஷிங்டனில் கடற்படை ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரா என்று ஒரு கிரிப்டான் ஃபுளோரைடு லேசர். 248 நானோமீட்டர் புறஊதா நேரடியாகவே வரும். வாயுவைச் சுழற்றி ஆற வைத்துத் திரும்ப விடுவார்கள்.

ஆனால் வாயுவுக்கு ஆற்றல் ஊட்டுவது எலெக்ட்ரான் கற்றை. எலெக்ட்ரான் பிறக்கும் பக்கம் வெற்றிடம், வாயு இருக்கும் பக்கம் அழுத்தம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தகடு. ஒவ்வொரு ஷாட்டிலும் எலெக்ட்ரான் அந்தத் தகடு வழியாகவே போகும், தகடு சூடாகும். அதைத் தாங்கும் கம்பிச் சட்டத்துக்கு ஜப்பானிய அடுப்பின் பெயரான ஹிபாச்சி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் அவர்கள் மல்லுக்கட்டியது லேசரோடு மட்டும் அல்ல, அந்தத் தகடு கிழியாமல் இருப்பதோடும்தான். இன்ஜினில் நீங்கள் ஹெட் கேஸ்கட்டோடு படுகிற பாடு மாதிரி.

அந்த மெஷின் வினாடிக்கு இரண்டரை ஷாட் வேகத்தில் பத்து மணி நேரம் நிற்காமல் 90,000 ஷாட் ஓடியது. இணைவு எதுவும் நடக்கவில்லை, வெறும் லேசர்தான். புதுச் செய்தி எது வந்தாலும் மெகாஜூலைப் பார்த்த கையோடு நான் தேடுவது அந்த மாதிரி எண்ணைத்தான். யாரும் கை வைக்காமல் தொடர்ந்து எத்தனை ஷாட் என்று. மின் நிலையத்தில் அந்த 90,000 ஷாட் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு 30 கோடிக்கு மேல் வேண்டும்.